இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு

மருந்து கலக்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அளவையும் எடையையும் கற்றுத்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகவே கற்றுத்தருவார்கள். நான் சொல்ல வந்தது அளவு சரியாக இருந்த ஒரு மருந்தைப் பற்றி. சீட்டில் பிழை இல்லை. புட்டியில் பிழை இல்லை. புட்டிமேல் ஒட்டிய தாளிலும் பிழை இல்லை. அப்படியிருந்தும் ஒரு மனிதர் பெற்ற மகள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் கிடந்தார். அதற்குக் காரணம் நான்.

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தேன். முன்னறையில் டாக்டர் இருப்பார், பின்னறையில் நான். அக்காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் கலவைதான். வேளைக்கு ஒரு கோடாகத் தாளை வெட்டிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவோம். கோடு கோடாக மருந்து இறங்கும், நோயும் இறங்கும் என்று நம்பினோம். கசப்பை மறைப்பதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. நான் கலந்த இருமல் மருந்தைத் தம் பிள்ளைகள் திருடிக் குடித்துவிட்டதாக இரண்டு தாய்மார்கள் வந்து புகார் சொன்னார்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் விடுதலை நாளுக்கு, சில வாரங்கள் இருந்தன. டிஸ்பென்சரிக்குப் பின்னால் செட்டிகளின் குடியிருப்பு. மலாக்காச் செட்டிகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் நடத்துவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆடிக்கும் தைக்கும் உரியதைக் குறைவில்லாமல் செய்வார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். தமிழில் அவர்களிடம் எஞ்சியவை அப்பா, அக்கா போன்ற உறவுச் சொற்களும் சில கறிகளின் பெயர்களும்தாம். ஆகவே அவர்கள் மலாயில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

அந்தக் குடியிருப்பில் பிள்ளை என்று எல்லோரும் அழைத்த முதியவர் ஒருவர் இருந்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெரிய சட்டி ஏற்றும் தலைமைச் சமையல்காரர். அவர் சமைத்த பந்தியில் உண்டவர்கள் மணமக்களின் பெயரை மறந்திருப்பார்கள், குழம்பை மறந்திருக்க மாட்டார்கள். நான் அவரை நோயாளியாக அறிந்தபோது அவர் எல்லாவற்றையும் மறந்திருந்தார். மகள் மீனாச்சியின் பெயர் போய் இரண்டு ஆண்டாகியிருந்தது. பேச்சு பத்துச் சொல்லுக்குள் சுருங்கிவிட்டது. உடை நனைவது தெரியாது. பகலா இரவா என்பதும் தெரியாது. இன்று அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அன்று ‘வயதாகிவிட்டது’ என்பதே பெயர். அதற்கு மருந்து கேட்டு யாரும் வருவதில்லை.

மீனாச்சி வந்தது வேறு காரணத்துக்காக. நாள் முழுவதும் நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனிதர், மாலை நான்கு மணிக்கு அடுப்படியில் வெங்காயம் வதங்கும் மணம் எழுந்ததும் எழுந்துவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்புவரை வந்துவிடுவார். இரண்டு முறை விழுந்தார். மூன்றாவது முறை விழாமல் வந்து சேர்ந்து, கொதிக்கும் சட்டியில் கையை விட்டார்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டு ஒரு தூக்கக் கலவை எழுதினார். குளோரல், குறைந்த அளவு, நாள்தோறும் மூன்று மணிக்கு ஒரு வேளை. நான் கலந்து கொடுத்தேன். மறுநாளே மீனாச்சி திரும்பி வந்தார். வெள்ளைக் கெபாயாச் சட்டையின் முன்புறத்தில் கலவை காய்ந்திருந்தது.

“துப்பிவிட்டார், மிஸி. என்மேலே.”

மருத்துவம் சார்ந்த பெண்கள் எல்லோரும் அங்கே மிஸிதான்.

“என்ன பிடிக்கும் அவருக்கு?” என்றேன்.

“பச்சைப்பயற்றுக் கஞ்சி. தேங்காய்ப் பாலும் கூலா மலாக்காவும் போட்டது.”

கூலா மலாக்கா என்பது எங்கள் ஊர்த் தென்னங்கருப்பட்டி. அதன் புகைமணத்தின் பின்னால் எந்தக் கசப்பும் ஒளிந்துகொள்ளும். நானே கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, அதில் குளோரலைக் கலந்து, புதிய புட்டி ஒன்று கட்டிக்கொடுத்தேன்.

“கஞ்சியில் ஊற்றுங்கள். சொல்ல வேண்டாம்,” என்றேன்.

மீனாச்சி சற்று நின்றார். “அப்பாவுக்குத் தெரியாமலா?”

“தெரிந்தால் துப்புவாரே.”

இந்த உரையாடலை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை. மருந்து உள்ளே போவது என் வேலை. எந்த வழியாகப் போகிறது என்பதை எல்லாம் டாக்டரிடம் எடுத்துப் போவதா என்ற எண்ணம். அந்தப் பாகை அன்று நான் விரலில் தொட்டுச் சுவைத்தேன். குளோரல் இருப்பது எனக்கே தெரியவில்லை. மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாட்கள் அவர் கஞ்சியைக் குடித்தார். நான்கு நாட்களும் மாலையில் உறங்கினார். மீனாச்சி நிம்மதியாகச் சமைத்தார்.

அதன்பின் ஒரு வாரம் எனக்குச் செய்தி இல்லை. செய்தி இல்லாததை நல்ல செய்தி என்று கொண்டேன். இப்படிக் கொள்ளும் பழக்கம் நம் தொழிலில் பரவலானது. ஒரு புட்டி திரும்ப வரவில்லை என்றால் நோய் தீர்ந்தது என்று நினைப்போம். புட்டி அலமாரியில் நின்றுகொண்டிருக்கலாம்.

மெர்டேக்காவுக்கு முதல்நாள் காலையில் மீனாச்சி வந்தார். டாக்டர் வெள்ளை உடை தைத்துக்கொண்டு விழாவுக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். சாலையில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மலாயில் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுக்கு மேல் அவர் போகவே இல்லை.

“அப்பா சாப்பிடுவதில்லை,” என்றார் மீனாச்சி.

“எத்தனை நாளாக?”

“ஐந்தாம் நாள் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்திலேயே விட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அதற்கப்புறம் கஞ்சி வேண்டாம் என்றார். பிறகு சோறு. நேற்று முன்தினத்திலிருந்து தண்ணீரும் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கிறார். நான் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார்.”

“ஏதாவது சொன்னாரா?”

“ராச்சுன் என்றார்.”

மலாயில் ராச்சுன் என்றால் நஞ்சு. எஞ்சியிருந்த பத்துச் சொற்களில் அது இருந்ததை யாரும் அறிந்திருக்கவில்லை.

மருந்தை நிறுத்தினீர்களா என்று கேட்டேன். கஞ்சியை விட்ட அன்றிலிருந்து சோற்றிலும், அதன்பின் காப்பியிலும் கலந்து பார்த்ததாக மீனாச்சி சொன்னார். “நீங்கள்தானே கலக்கச் சொன்னீர்கள்?” அவர் குற்றம் சாட்டவில்லை. சீட்டில் உள்ளதைப் படிப்பதுபோல் சொன்னார்.

டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு அவரோடு நடந்தேன்.

வீட்டில் மீனாச்சியின் தம்பி நடேசன் இருந்தார். துறைமுகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். தெங்கேராவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே குடியிருந்ததால் தமிழ் பேசுவார். விடுமுறைக்காக வந்தவர், தகப்பனைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“மிஸி, ஆள் இப்படிக் கிடக்காரு, நீங்க என்ன மருந்து குடுத்தீங்க?”

“சரியான மருந்துதான். கொடுக்கச் சொன்ன விதம் தவறு. அது நான் சொன்னது, அக்காமேல் பிழையில்லை.”

இப்படி ஒரு விடையை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வைத்திருந்த அடுத்த இரண்டு வாக்கியங்கள் அவருக்குப் பயன்படாமல் போயின. “நான் இன்னொரு டாக்டருக்கு போன் போட்டேன்,” என்றார். “ஊசி போட்டுத் தூங்க வெச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க, மூக்கு வழியா குழாய் விட்டுப் பால் ஊத்தலாம்னு சொல்றாரு. குழாய பிடுங்குவாருன்னா கையக் கட்டிடுவாங்களாம். ரொம்ப சூசா, கஷ்டம்தான் மிஸி. ஆனா வேற வழி என்ன இருக்கு? பட்டினியா விட முடியாதுலா.”

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. தொலைவிலிருந்து வந்து கட்டளையிடும் பிள்ளைகளைப் பற்றி நாம் எளிதாகக் கேலி பேசுவோம். இவர் சொன்ன வழி ஒரு டாக்டர் சொன்ன வழி. என்னிடம் இருந்ததோ ஒரு சந்தேகம் மட்டுமே.

பிள்ளையைப் பார்த்தேன். உதடு வறண்டிருந்தது, நாடி வேகமாக இருந்தாலும் ஒழுங்காக ஓடியது. வெந்த கை கட்டுக்குள் ஆறிவந்தது. கண் தெளிவாக இருந்தது. நான் மீனாச்சிக்கு அருகே போனால் என்னையும் பார்த்தார். விலகினால் பார்வையை விட்டார். மகளோடு சேர்த்து என்னையும் ஒரு பட்டியலில் வைத்துவிட்டார் என்று தெரிந்தது.

டாக்டர் எழுதியதை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அதைக் கொடுக்கும் விதத்தை மாற்றிச் சொல்லவும் எனக்கு அதிகாரம் இருந்ததில்லை. அதைத் தயக்கமின்றிச் செய்திருந்தேன். பல மாதம் உண்ட தூக்கமருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடல் முரண்டு பிடிக்கும் என்பது தெரியும். இவர் உண்டதோ முழுதாக நான்கு நாட்கள். அதன்பின் உள்ளே போனது எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. தொடர்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. இவற்றை எல்லாம் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டே எண்ணினேன். ஒலிபெருக்கிக்காரர் அப்போதும் மூன்றைத் தாண்டவில்லை.

“நாளை மாலைவரை எனக்குக் கொடுங்கள்,” என்றேன். “அதற்குள் அவர் வாய் திறக்காவிட்டால் வாடகைக் காரை நானே அழைத்துவந்து, ஆஸ்பத்திரியில் நடந்ததையும் நானே சொல்கிறேன்.”

நடேசன் தொப்பியைக் கழற்றினார். “அதுவரைக்கும் தண்ணி?”

“பக்கத்து வீட்டு அம்மா கொடுக்கட்டும். மணிக்கு இரண்டு வாய். அவர்மேல் அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை.”

புட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். புட்டி வீட்டில் இருக்கும்வரை யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடு அதைத் திறப்பார்.

நாடு விடுதலை பெற்ற நாளில் நான் என்ன செய்தேன் என்று பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அரிசிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். காலையில் போய்ப் பிள்ளைக்கு எதிரே அமர்ந்தேன். மீனாச்சி ஒரே பாத்திரத்திலிருந்து மூன்று கிண்ணங்களில் ஊற்றினார். அவர் ஒன்றைக் குடித்தார், நான் ஒன்றைக் குடித்தேன். மூன்றாவது பிள்ளையின் முன்னால் ஆறியது. பத்து மணிக்கு மறுபடியும் குடித்தோம். பன்னிரண்டுக்கு மறுபடியும். தெருவில் வாத்திய முழக்கத்தோடு ஊர்வலம் போயிற்று. பிள்ளை எங்கள் தொண்டை அசைவதை மட்டும் கவனித்தார்.

“நீங்க ரெண்டு பேரும் குண்டாகப் போறீங்க,” என்றார் நடேசன். “அப்பா இளைக்கிறாரு.”

“உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள்.”

“உப்பே இல்ல இதுல.”

“நோயாளிக்கு அப்படித்தான்,” என்றேன். பயிற்சியில் படித்தது.

நான்கு மணி ஆயிற்று. வீட்டில் மற்றவர்களுக்கும் வயிறு இருந்ததால் மீனாச்சி அடுப்பை மூட்டிக் கறிக்கு வெங்காயம் வதக்கினார். நாற்காலி கிரீச்சிட்டது. பட்டினியில் இருந்த அந்த உடல் எழுந்து நின்றது. நடேசன் பிடித்து அமர்த்தப் போனார். விடுங்கள் என்றேன். வேறு எதற்கும் எழாத மனிதர் இதற்கு எழுகிறார். எதற்காகப் போகிறார் என்று யாரும் அதுவரை பார்க்கவில்லை, தடுத்திருக்கிறோம். அன்று ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு கூடவே போனோம்.

அடுப்புக்கு ஒரு முழம் இப்பால் நிறுத்தினோம். அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு வெந்து கட்டியிருந்த வலக்கையைக் கீழே விட்டு, இடக்கையை நீட்டி உள்ளங்கையை மேல்நோக்கிக் குழித்தார். பிச்சை கேட்பவர்போல் இல்லை. ரசீது கேட்பவர்போல் நீட்டினார்.

எனக்குப் புரியவில்லை. மீனாச்சிக்குப் புரிந்தது. அகப்பையைப் பிடித்தபடி அவர் நின்ற நிலையை இன்னும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

“உப்புப் பார்க்கக் கேட்கிறார்,” என்றார். “விருந்துச் சமையலில் அப்பா உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து, அவர் நக்கிப் பார்த்துத் தலையசைத்தால்தான் சட்டியை இறக்குவோம். வீட்டிலும் அப்படித்தான்.”

“எப்போது நிறுத்தினீர்கள்?”

“நோய் வந்தபிறகு, எதைக் கொடுத்தாலும் உப்புக் குறைவு என்றே சொன்னார். அவர் சொன்னபடி போட்டால் யாராலும் சாப்பிட முடியவில்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டோம்.”

இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் அவரைக் கேட்காமலே சட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்காத சட்டியில் அவர் தாமே கைவிட்டுப் பார்த்தார். அதற்கு நாங்கள் தூக்கமருந்து எழுதினோம். அந்த மருந்தை அவர் உண்ணும் கிண்ணத்தில் ஒளித்தோம். நாற்பது ஆண்டு பழகிய நாக்குக்கு நான்கு நாள் ஐயம் இருந்தது. ஐந்தாம் நாள் தீர்ந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்ததை நாங்கள் நோயின் முற்றல் என்று குறித்துக்கொண்டோம். அந்த வீட்டில் அந்த வாரம் சரியாக வேலை செய்த ஒரே ஆள் அவர்தான்.

குழம்பு கொதித்ததும் மீனாச்சி அதில் கொஞ்சம் எடுத்து ஆற்றி, முதலில் தம் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்கினார். பிறகு தகப்பன் கையில் ஒரு சொட்டு வைத்தார். பிள்ளை அதைப் பார்த்தார், முகர்ந்தார், நக்கினார். கண்ணை மூடினார்.

“உப்பு,” என்றார் மலாயில். “குறைவு.”

நடேசன் திரும்பிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஊர்வலம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மீனாச்சி உப்புப் போட்டார். மறுபடி ஒரு சொட்டு. இம்முறை தலை அசைந்தது. சட்டி இறங்கியது. அவரைக் கூட்டிவந்து நாற்காலியில் அமர்த்திக் கஞ்சியில் அந்தக் குழம்பைக் கரைத்து ஊட்டினோம். மகள் கையால் ஆறு கரண்டி. ஏழாவதைத் தள்ளிவிட்டார். தள்ளியது நிறைவால் என்று நாங்கள் ஒருமனதாக முடிவு செய்தோம். வாடகைக் கார் தேவைப்படவில்லை.

டாக்டர் மூன்றாம் நாள் திரும்பினார். யாழ்ப்பாணத்தவர், அதிகம் பேச மாட்டார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எங்கே நின்று சொல்வது என்று தெரியாமல், நோயாளிகள் நிற்கும் இடத்தில் நின்று சொன்னேன்.

“கஞ்சிக்குள்ள விடச் சொல்லி நீரோ சொன்னனீர்?”

“ஆமாம், டாக்டர்.”

“எனக்குச் சொல்லேல்லை.”

“இல்லை, டாக்டர்.”

அவர் பிள்ளையின் அட்டையை எடுத்துக் கலவையின்மேல் ஒரு கோடு இழுத்தார். “நான் அந்த மனுசன் ஏன் எழும்பிறார் எண்டு கேக்கேல்லை. கையை மட்டும் பாத்தனான்,” என்றார். பிறகு அட்டையை என்னிடம் தள்ளினார். “இனி என்ன குடுக்கிறது எண்டு நீரே எழுதும்.”

புட்டிக்கு ஒட்டும் தாள் ஒன்றை எடுத்தேன். வேளை, அளவு என்று அச்சிட்ட இடங்களில் மலாயில் எழுதினேன்: மாலை நான்கு மணி. ஒரு சொட்டு, இடது உள்ளங்கையில், ஆறவைத்து. கொடுப்பவர் முதலில் உண்க. டாக்டர் கையெழுத்துப் போட்டார். மீனாச்சி அதை உப்பு ஜாடியின்மேல் ஒட்டிவைத்தார்.

எல்லா நாளும் இது பலித்தது என்று நினைக்க வேண்டாம். சில மாலைகளில் தலையசைத்த பிறகும் அடுப்படியை விட்டு வர மறுத்தார். ஒருமுறை நடேசனின் மூக்கில் குத்தினார். பின்னர் வலி வந்தபோது மருந்து கொடுத்தோம்; கண்முன்னால் புட்டியிலிருந்து ஊற்றி, இது மருந்து, கசக்கும் என்று சொல்லிக் கொடுத்தோம். பெரும்பாலும் துப்பினார். துப்பியதை அட்டையில் எழுதினேன். அந்த நோய் நோயாகவே முற்றியது. விழுங்கும் வலுவும் போயிற்று. பத்து மாதம் கழித்து, மழைநாள் ஒன்றின் நண்பகலில் போனார். கடைசி வாரம்வரை மகள் கையால்தான் உண்டார். நான் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் முதலில் கெடுத்தவள் நான்.

உங்களிடம் நாளை ஒரு மகனோ மகளோ வந்து, அம்மா துப்புகிறார், அப்பா துப்புகிறார், எதில் கலக்கலாம் என்று கேட்பார்கள். களைத்துப்போய்க் கேட்பார்கள். சில வேளை கலக்கத்தான் வேண்டியிருக்கும். அதை மருத்துவரோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசி, அட்டையில் எழுதிவிட்டுச் செய்யுங்கள். தனியாக, திறமையின் மகிழ்ச்சியில் செய்யாதீர்கள். துப்புவது பெரும்பாலும் அவர்களிடம் மிஞ்சியிருக்கும் கடைசிக் கருத்து. அதைக் கேட்டுவிட்டுப் பிறகு மறுத்தால்கூடப் பரவாயில்லை.

செட்டிகள் பொங்கலுக்கு முந்தின நாளில் பார்ச்சு என்று ஒன்று செய்வார்கள். இறந்த முன்னோர்களுக்கு, அவரவர் விரும்பி உண்டதைச் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். பிள்ளை போனபின் வந்த பார்ச்சுக்கு மீனாச்சி என்னையும் அழைத்திருந்தார். படையலுக்கான சமையலை முன்னோர் உண்ணும்வரை யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பது அங்கே மாறாத விதி. நான் அடுப்படிக்குள் போனபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு ஜாடியில் என் தாள் எண்ணெய்ப் பிசுக்கேறி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மீனாச்சி அகப்பையில் எடுத்து ஆற்றினார். தம் இடது உள்ளங்கையைக் குழித்து அதில் ஒரு சொட்டு வைத்தார். நக்கவில்லை. கையை நீட்டியபடி, யாரோ சொல்வதற்குப் போதுமான நேரம் நின்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு ஜாடியைத் திறந்து இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டுச் சட்டியை இறக்கினார்.

படையல் முடிந்து எங்களுக்கு இலை போட்டார்கள். குழம்பு நன்றாகவே கரித்தது. நடேசன் என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன்.